முந்திரி சேராத பண்டிகைகள்

என் மகளுக்கு முந்திரிப்பருப்பு ஆகாது. இப்போது ஒரே வரியில் எழுதிவிட்டேன். இதே வரியை எங்கள் தெருவில் வாய்திறந்து சொல்ல எனக்கு ஏறக்குறைய மூன்று வருடம் ஆனது.

தூத்துக்குடியில் முந்திரி ஆகாத பிள்ளையை வளர்ப்பது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். இந்த ஊருக்கு வருகிறவர்கள் திரும்பும்போது வாங்கிக்கொண்டு போவதே மக்ரூன்தான். முட்டையின் வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, முந்திரிப்பொடி சேர்த்து, சின்னக் கூம்புகளாகப் பிழிந்து மெல்லிய அனலில் சுட்டு எடுப்பது. வாயில் போட்டால் கரைந்துவிடும். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு, வீடு பால் காய்ப்பு எதுவானாலும் ஒரு டப்பா மக்ரூன் வந்துவிடும். அது வராவிட்டால் கேசரி வரும், அதன் உச்சியில் நெய்யில் வறுத்த முந்திரி இருக்கும்.

நாங்கள் இருப்பது மில்லர்புரத்தில் ஒரு சின்னத் தெரு. மாதாவைக் கும்பிடாத எங்களைப் போன்ற சிஎஸ்ஐ கிறிஸ்தவ வீடு ஒன்றிரண்டு, மாதாவைக் கும்பிடும் ஆர்சி வீடுகள் சில, கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார் வீடுகள், முனையில் ஒரு பாய் வீடு. வருடம் முழுக்க யாருக்காவது பண்டிகை இருந்துகொண்டே இருக்கும். பண்டிகை என்றால் தட்டு. மேலே ஒரு துணி மூடி வரும். வந்த தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஏதாவது வைத்துத்தான் அனுப்ப வேண்டும். பிடித்தோ பிடிக்காமலோ, இது எல்லா வீட்டுக்கும் பொது.

மகளுக்கு இரண்டு வயது நடந்தபோது வந்த கிறிஸ்துமஸில்தான் தெரிந்தது. காலை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தோம். கணவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு மக்ரூனில் ஒரு முனையைக் கிள்ளி அவள் நாக்கில் வைத்தார். அவள் சிரித்தாள். நான் உடை மாற்றிவிட்டு வருவதற்குள் மேலுதடு வீங்கியிருந்தது. பிறகு கன்னம் முழுக்கத் தடிப்பு, பிறகு நாய்க்குட்டி குரைப்பதுபோல ஒரு இருமல். புதுச்சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டார்கள், அடங்கியது. டாக்டர், "முந்திரியும் பிஸ்தாவும் துணுக்குகூட வேண்டாம். அடுத்த முறை இதைவிட மோசமாக வரலாம், வராமலும் இருக்கலாம்" என்றார்.

அந்த இரண்டு 'லாம்'களுக்கு நடுவில்தான் நான் இன்றுவரை குடியிருக்கிறேன்.

விஷயத்தை வெளியே சொல்லவேண்டாம் என்றது என் நாத்தனார், கணவரின் மூத்த அக்கா. சாத்தான்குளத்தில் டீச்சர். போனில்தான் சொன்னார்கள்.

"பொம்பளப் பிள்ளைக்கு நோக்காடுன்னு ஊர் பூராவும் சொல்லிக்கிட்டு அலையாதே. வளர வளரச் சரியாயிரும். நாளைக்கு ஒரு நல்ல இடத்துல பேச்சு எடுக்கும்போது இதத்தான் முதல்ல சொல்லுவாவ."

இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். நான் வேதியியல் முதுகலை படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் சொந்த ஊரான நாசரேத்தில் இரண்டு வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். ஒரு கரைசலில் எத்தனை துளி விழுந்தால் நிறம் மாறும் என்று பிள்ளைகளுக்குக் காட்டியவள். ஆனாலும் பெரியவர்கள் சொன்னால் அதில் ஏதோ இருக்கும் என்றே வளர்ந்துவிட்டேன். "சரி மதினி" என்றேன். போனை வைத்த பிறகு, சரி என்றது சரியா என்று மூன்று வருடம் யோசித்தேன்.

யோசித்துக்கொண்டே பொய்யும் சொன்னேன். பல்லில் சொத்தை, சளி பிடித்திருக்கிறது, இப்போதுதான் சாப்பிட்டாள். ஒரே வீட்டில் ஒரே பொய்யை இரண்டு முறை சொல்லிவிடக் கூடாது என்று மனதில் கணக்கு வைத்துக்கொண்டேன். கைப்பையில் எப்போதும் மருந்துப்பை. மருந்தை ஊசியில் ஏற்றிப் போட டாக்டர் கற்றுக்கொடுத்திருந்தார். ஒரு சாத்துக்குடிப் பழத்தில் குத்திக் குத்திப் பழகினேன். தெருவிலிருந்து வந்த தட்டுகளைப் பிள்ளை பார்ப்பதற்குள் சமையலறை மேல்தட்டில் ஏற்றி, மறுநாள் வேறு யாருக்காவது தள்ளிவிடுவேன். முந்திரிக்கொத்து என்கிற உருண்டையில் முந்திரி கிடையாது, பாசிப்பயறுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பெயரைக் கேட்டதும் கை பின்வாங்கும்.

கணவருக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுப்பது. அதில் பாதி ஆப்பிரிக்காவிலிருந்து ஓட்டோடு வரும் முந்திரிக்கொட்டை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சட்டையையும் கழற்றச் சொன்னேன்.

"நான் பேப்பரத்தானளா தொடுதேன். கொட்டை கன்டெய்னருக்குள்ள கெடக்கு."

"அந்தப் பேப்பர எவன் தொட்டானோ."

அவர் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டார். முதல் மக்ரூனைக் கிள்ளிக் கொடுத்தது தன் விரல்தான் என்பதை அவர் மறக்கவில்லை. அதை வைத்து அவரைப் பணியவைக்கிறேனோ என்று பிறகு எனக்கே குறுகுறுப்பாக இருக்கும்.

முதல் வகுப்பில் அவளுக்கு உலகத் திருவிழாக்கள் என்று ஒரு பாடம் வந்தது. படங்கள் நிறைய. விளக்கு மிதக்கவிடுகிறவர்கள், மண்டையோட்டு முகமூடி போட்டவர்கள், ஒருவர்மேல் ஒருவர் தக்காளி எறிகிறவர்கள். அவள் ஒவ்வொரு படத்திலும் விரலை வைத்து, "இங்கன உள்ள பிள்ளைங்க என்னம்மா சாப்பிடும்?" என்று கேட்டாள். நான் போனில் தேடினேன். பாரசீகப் புத்தாண்டு மேஜையில் பிஸ்தா. சீனர்களின் நிலாப் பண்டிகைக்கு உள்ளே பருப்பு அடைத்த கேக். இத்தாலிக்காரர்களின் கிறிஸ்துமஸ் மிட்டாய் முழுக்கப் பருப்பு. மனிதர்கள் சந்தோஷப்பட ஆரம்பித்தாலே பருப்பை வறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்று தோன்றியது. ஜப்பானில் புத்தாண்டுக்கு வெறும் அரிசிமாவு உருண்டை என்று படித்ததும், அந்த ஊரில் இருந்தால் நிம்மதி என்று நினைத்தேன். அடுத்த பத்தியிலேயே, அது தொண்டையில் அடைத்துக்கொண்டு ஆபத்தாவது உண்டு என்று போட்டிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எங்களுக்கு எதிர்வீட்டில் ஓர் அக்கா. கடற்கரை ஆர்சி குடும்பம், வீட்டுக்காரருக்குச் சங்கு குளிக்கப் போகும் வள்ளம் இருக்கிறது. அக்காவின் இளைய மகள் என் மகளைவிட ஒரு வயது மூத்தவள். இரண்டு பேரும் பள்ளி விட்டு வந்தால் அந்த வீட்டிலேதான் கிடப்பார்கள். அக்கா மக்ரூன் கடையில் வாங்கமாட்டார். தானே செய்வார், வருடத்துக்கு ஒரு முறை, மாதா கோயில் திருவிழாவுக்கு. மாவில் எலுமிச்சைத் தோலை லேசாகச் சீவிப் போடுவார். தெருவில் மற்ற வீடுகளுக்குக் கேக்கும் பூந்தியும் போகும். மக்ரூன் உறவுக்காரர்களுக்கு மட்டும்.

போன ஆகஸ்டில், திருவிழாவன்று காலையில், அக்கா ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தார். "பிள்ளைக்குன்னு தனியா எடுத்து வச்சேன். கேக்க மாட்டா, ஆனா பாத்துக்கிட்டே நிப்பா."

நான் சந்தோஷம்போல வாங்கிக்கொண்டேன். அவர் தெருவைக் கடந்து கதவைச் சாத்தும்வரை டப்பாவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்போதே அவர் பின்னால் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக டப்பாவைக் காலிசெய்து, மக்ரூனை வேறு பாத்திரத்தில் போட்டு, மாடிவீட்டுக்குக் கொண்டுபோனேன். மாடியில் இருப்பவர்கள் ஏரல்காரர்கள். அண்ணாச்சிக்குப் பஜாரில் இரும்புக்கடை. அந்த வீட்டம்மா நல்ல மாதிரி. "என்னத்துக்கும்மா இவ்வளவு" என்று வாங்கிக்கொண்டார்.

நான் மறந்துபோன ஒரு விஷயம், அது ஆடி மாதம். அந்தம்மா ஆடி முடியும்வரை மீன், கறி, முட்டை எதையும் தொடமாட்டார். வெள்ளைக்கரு சேர்ந்த மக்ரூனை என்ன செய்வது என்று அவர் யோசித்திருக்கிறார். அக்கா வீட்டிலிருந்து வந்த பூந்தித் தட்டு திருப்பிக் கொடுக்காமல் இருந்தது. பண்டிகை வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள், உதவும் என்று, அந்தத் தட்டில் இதை அடுக்கி மறுநாள் அக்கா வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். "கீழ்வீட்டுத் தங்கச்சி குடுத்தா, வீணாப் போவக்கூடாதுல்லா" என்றும் சொல்லியிருக்கிறார். ஒளிப்பதற்கு அவரிடம் என்ன இருந்தது?

அக்கா ஒன்றைக் கடித்துப் பார்த்திருக்கிறார், அதே எலுமிச்சை வாசம். சாயங்காலம் எங்கள் கேட்டில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏளா, இருவது எண்ணி வச்சேன். இருவதும் திரும்பி வந்துட்டு."

"இல்லக்கா... நிறைய இருந்துச்சுன்னு..."

"நிறையன்னா ரெண்டையாவது எடுத்துக்கிட்டுல்லா மீதியக் குடுப்பாவ."

அக்கா குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மாதா திருநாள் பலகாரம்னுதானே தள்ளிவிட்ட? நாசரேத்துக்காரவ நீங்க. படிச்சவ. எங்க கும்பிடு உங்களுக்கு ஆகாது. அத முதல் வருசமே சொல்லியிருந்தா நானும் தட்டு தூக்கிட்டு வந்திருக்க மாட்டேன்."

"ஐயோ அது இல்லக்கா."

"வேற என்ன?"

மூன்று வருடம் கட்டிக்காத்ததைச் சொல்லிவிட வாயெடுத்தேன். நாத்தனார் முகம் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டில் யாரோ வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும் என்றும் தோன்றியது. அக்கா தெருவைக் கடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு பேச்சு இல்லை. என் மகளை அவர்கள் வரவேண்டாம் என்று சொல்லவில்லை, நான்தான் அனுப்பவில்லை. அனுப்பினால் அக்கா முகம் கொடுப்பாரோ மாட்டாரோ, பிள்ளை கேள்வி கேட்டால் என்ன செய்வது. அவள் சாயங்காலங்களில் எங்கள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து எதிர்வீட்டு வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மதக் காரணம் என்று அக்கா நினைத்துக்கொண்டிருப்பது என்னை அரித்தது. சில சமயம், அப்படியே நினைத்துக்கொள்ளட்டும், அதுவாவது தெருவில் எல்லோருக்கும் புரிகிற காரணம் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்து வெட்கப்பட்டேன்.

மழை ஆரம்பித்த ஒரு நாள். தெருவில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். மகள் ஜன்னலிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள்.

"அம்மா, நான் பெரியம்மா வீட்டுக்குப் போய், எது குடுத்தாலும் வயிறு வலிக்குன்னு சொல்லிக்கிடுதேன். அப்ப போலாமா?"

"அப்படிச் சொல்லணும்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நான் எப்பமும் அப்படித்தான் சொல்லுவேன்."

அவளுக்கு ஐந்தரை வயது. நான் அவளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை. பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் தெருவைக் கடந்தேன். குடையை எடுக்க மறந்திருந்தேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்தாரே தவிர உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். முந்திரி, அந்தக் கிறிஸ்துமஸ், ஆஸ்பத்திரி, ஊசி எல்லாம். இடையில் இரண்டு முறை, "பயப்படும்படியா ஒண்ணுமில்ல" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பயப்படும்படியாக எல்லாமே இருந்தது.

அக்கா சமாதானமாவார் என்றுதான் எதிர்பார்த்துப் போனேன். மதம் இல்லை, மருந்து விஷயம் என்று தெரிந்தால் போதும் என்று. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு வருசமா பிள்ள எங்க வீட்ல கெடக்கா. எங்கிட்டச் சொல்லலியா நீ?"

"வெளிய சொல்ல வேண்டாம்னு வீட்ல..."

"போன வருசம் திருநாளுக்கு, இந்தா இதே இடத்துல, என் மடியில உக்காத்தி வச்சு மக்ரூன வாய் வரைக்கும் கொண்டுபோனேன். வயிறு வலிக்கி பெரியம்மான்னு மூஞ்சியத் திருப்பிட்டா. வலிக்கின்னு சொல்லலன்னா? நான் ஊட்டியிருப்பேன்ளா. என் கையாலயே ஊட்டியிருப்பேன்."

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் என் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று மட்டும்தான் மூன்று வருடமும் பயந்துகொண்டிருந்தேன். கொடுத்தவர்களுக்கு என்ன ஆகும் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை. என் கணவர் ஒரு துணுக்குக்காக இன்றும் வாசலில் சட்டையைக் கழற்றுகிறார். அதைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

"போ. எனக்குக் கோவம் வருது. நாளைக்கு பேசுவோம்" என்றார் அக்கா.

மறுநாள் என்னிடம் பேசுவதற்கு முன்னால் தெருவிடம் பேசிவிட்டார். பாய் வீடு, மாடிவீடு, முக்குக் கடை, ஆட்டோக்காரர் வரை. ஒரு வாரத்தில் என் மகள் வாசலில் இறங்கினால், "ஏளா, கீழ கெடக்குறத எடுத்துத் தின்னுராத" என்று மூன்று பேர் சொன்னார்கள். நாத்தனாருக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. "எல்லாரும் சொல்லுதாவ, பிள்ளைக்கு என்னமோன்னு. நான் அப்பமே சொல்லலியா, வெளிய சொல்லாதன்னு" என்றார்கள். "இல்ல மதினி, யார்ட்டயும் நேரத்தோட சொல்லாததுதான் தப்பாப் போச்சு" என்றேன். மதினி போனை வைத்துவிட்டார்கள். அவர்களுக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். நான் அப்படிப் பேசியிருக்க வேண்டுமா என்று அன்று முழுவதும் யோசித்தேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

தீபாவளிக்குத் தட்டுகள் வந்தன. எல்லாத் தட்டிலும் வாழைப்பழம். மாடிவீட்டம்மா ஒரு சீப்பு, முக்குக் கடைக்காரர் வீட்டிலிருந்து இரண்டு சீப்பு, இன்னொரு வீட்டிலிருந்து கோழிக்கூடு ரகத்தில் ஒரு சின்னத் தாரே வந்தது. அடுக்களையில் வைக்க இடமில்லை.

"எல்லாரும் ஏம்மா நமக்கு மட்டும் குரங்குக்குக் குடுக்க மாதிரி குடுக்காங்க?" என்றாள் மகள். கணவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை நாள் ஆபத்து உள்ளே வந்துவிடக்கூடாது என்று காவல் காத்தேன். இப்போது பலகாரமே உள்ளே வரவில்லை. பாதுகாப்பு என்பது இதுதான் என்றால், அவள் வாழ்நாள் முழுக்க எல்லாப் பண்டிகையிலும் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா?

கிறிஸ்துமஸ் வந்தது. காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, கணவர் எங்கள் தட்டுகளைக் கொடுக்கத் தெருவில் இறங்கியிருந்தார். அக்கா வீட்டில் நல்ல கூட்டம். மணப்பாட்டிலிருந்து உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். வாசலில் பிள்ளைகளின் சத்தம். அந்தக் கூட்டத்தை விட்டுவிட்டு அக்கா ஒரு மூடிபோட்ட சட்டியோடு வந்தார். தீபாவளிக்கு முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டோம். ஆனால் அவர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றுதான்.

உட்கார்ந்து மூடியைத் திறந்தார். அச்சு முறுக்கு. நான் எதுவும் கேட்பதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்தார்.

"பச்சரிசி வீட்ல ஊறவச்சு இடிச்சது, மில்லுல குடுக்கல. தேங்காய்ப்பால், முட்டை, சீனி, எள்ளு. எண்ணெய் புதுப் பாக்கெட்டு. சட்டி புதுசு. அச்சு பழசு, ஆனா அச்சு முறுக்கத் தவிர ஒண்ணையும் தொட்டதில்ல. கேக்கு போட முன்னாலயே சுட்டு எடுத்து, இந்தச் சட்டியில மூடி மேல வச்சுட்டேன். என் பிள்ளைக்குக்கூட இன்னும் குடுக்கல."

எள் அவளுக்கு ஆகும். முட்டை ஆகும். மனதில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் என் கை சட்டிப் பக்கம் போகவில்லை. அடுப்பில் முந்திரி வறுத்த கரண்டி கிடந்திருக்குமோ. இடித்த உரலில் முன்பு என்ன இடித்தார்களோ. அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் யோசிக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிகிறது என்று எனக்கும் தெரிந்தது. மகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். 'வயிறு வலிக்கு' என்று சொல்ல அவள் வாயைத் திறக்கப் போவதுபோல இருந்தது.

"உரல்?" என்றேன்.

"கழுவி வெயில்ல ரெண்டு நாள் போட்டேன்" என்றார் அக்கா. கோபப்படவில்லை. "இன்னும் கேளு. சொல்லத்தானே வந்திருக்கேன்."

வேறு கேள்வி இல்லை. இருந்தாலும் அதற்குப் பதில் யாரிடமும் இருந்திருக்காது.

"சாப்பிடு" என்றேன் மகளிடம்.

அவள் ஒரு முறுக்கை எடுத்து, முதலில் அதன் ஓட்டை வழியாக எங்களைப் பார்த்தாள். பிறகு ஒரு இதழைக் கடித்தாள். நொறுங்கிய சத்தம் கேட்டது. இன்னொரு இதழ். புதுக்கவுனில் துகள் விழுந்தது. நான் அவள் மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால் அக்காவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் பாக்கணும்?"

"உடனேயும் வரும். ரெண்டு மணி நேரம் வரைக்கும் பாக்கச் சொல்லியிருக்காங்க."

"அப்ப இருக்கேன்."

எதிர்வீட்டு வாசலிலிருந்து அவர் வீட்டுக்காரர் கத்தினார். "ஏளா, எல்லாரும் சாப்பிட உக்காந்தாச்சு. எங்கன போன?"

"நீங்களே எடுத்துப் போடுங்க" என்று அக்கா இங்கிருந்தே குரல் கொடுத்தார். "கறி பெரிய தவலையில இருக்கு. நான் வர நேரமாவும்."

"இன்னிக்குப் போயி அங்கன என்ன வேல உனக்கு?"

அக்கா நாற்காலியை மகளுக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டார். வெயில் அவள் முகத்தில் விழுந்தது; கன்னத்தில் ஒரு சிவப்பு தெரிந்ததுபோல இருந்தது, நான் மருந்துப்பையை எடுத்து மடியில் வைத்தேன். அக்கா எழுந்து திரைச்சீலையை இழுத்துவிட்டார். சிவப்பு இல்லை.

மகள் விரல்களை நக்கி முடித்துவிட்டு சட்டிக்குள் கையை நீட்டினாள்.

"இரு" என்றோம், அக்காவும் நானும் ஒரே நேரத்தில்.